தொலைக்காட்சி லோகோக்கள்: எது தேறும், எது தேறாது?

மூலைவிட்டம் (இழையைத் தொடங்கியவர்)

சேனல் லோகோக்களில் ஆகச் சிறந்தது எது, ஆக மோசமானது எது? ஆளுக்கு ஒன்றிரண்டு சொல்லுங்கள். பெயரை மட்டும் போட்டுவிட்டு ஓடாமல் காரணத்தையும் எழுதுங்கள். ஒரு நிபந்தனை உண்டு. வெள்ளைத் தாளில் பெரிதாக அச்சடித்த படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. லோகோ வாழ்வது திரையின் மூலையில், ஓடுகிற படத்துக்கு மேலே, கட்டைவிரல் நகம் அளவில். அங்கே தேறுகிறதா என்று பாருங்கள்.

நானே தொடங்கிவைக்கிறேன். என் முதலிடம் அமெரிக்காவின் சிபிஎஸ் கண்ணுக்கு. 1951இல் வில்லியம் கோல்டன் வடிவமைத்தது. ஒரு வட்டம், உள்ளே கண் வடிவம், நடுவே கருவிழி. நிறம் கிடையாது, பளபளப்பு கிடையாது, எழுத்துகூடக் கிடையாது. அன்றைய மங்கலான கறுப்புவெள்ளைப் பெட்டியிலும் தெரிந்தது, இன்றைய கைப்பேசியிலும் தெரிகிறது. எழுபது வருடம் தாண்டியும் அந்தக் கோட்டில் யாரும் பெரிதாகக் கைவைக்கவில்லை.

கடைசி இடம் 2016இல் வந்த பிபிசி த்ரீ லோகோவுக்கு. நெட்டுக்குத்தாக இரண்டு கோடு, பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி. மூன்றாவது கோடுதான் ஆச்சரியக்குறியாம். விளக்கிச் சொன்னால் புரிகிறது. மூலையில் கிடக்கும் லோகோவுக்குப் பக்கத்தில் நின்று விளக்க யார் வரப்போகிறார்கள்?

ரிமோட்_ராசா

எம்டிவி. விவாதம் முடிஞ்சது, எல்லாரும் கிளம்பலாம்.

சரி, காரணம் கேட்டிருக்கீங்க. 1981ல மன்ஹாட்டன் டிசைன்னு ஒரு சின்னக் குழு செஞ்சது. கட்டடம் மாதிரி தடிமனான ஒரு எம், அதுமேல கிறுக்கின மாதிரி டிவி. ஆனா விஷயம் வடிவத்துல இல்ல. நிலையான நிறம்னு ஒண்ணை அவங்க வைக்கவே இல்ல. ஒவ்வொரு தடவையும் வேற நிறம், வேற கோலம், உடையும், உருகும், நடக்கும். அந்தக் காலத்துல ஒரு நிறுவனம் தன் லோகோவோட நீலம் இம்மி மாறினாலும் அச்சகத்துக்காரரை உண்டு இல்லைன்னு பண்ணிடும். இவங்க அந்த வழக்கத்தையே தூக்கிக் கடாசிட்டாங்க.

2010ல கீழே இருந்த 'மியூசிக் டெலிவிஷன்'ங்கிற வரியை வெட்டினாங்க. பாட்டு போடறதை எப்பவோ குறைச்சாச்சு, அதுவரைக்கும் நேர்மையான முடிவுதான் :)

அச்செழுத்து

ராசா சொன்னதை மூலைவிட்டம் சொன்னதுக்கு எதிர்க்கட்சியாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சிபிஎஸ்ஸில் வடிவம் மாறாது, நிறத்தை நம்பியும் இல்லை. எம்டிவியில் வடிவம் மாறாது, மற்றதெல்லாம் மாறும். இரண்டு இடத்திலும் எது மாறக் கூடாது என்று ஒருவர் உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார். என் கணக்கில் நல்ல லோகோவுக்கு அந்த ஒரு விதி போதும். மோசமான லோகோக்களில் அந்த விதி என்ன என்று கேட்டால் பதில் வராது.

நிக்கலோடியன் இதற்குத் தலைகீழ் உதாரணம். 1984இல் வந்த லோகோவில் வடிவம்தான் மாறும். ஒரு நாள் தெறித்த சாயம், ஒரு நாள் எலும்பு, ஒரு நாள் மேகம். மாறாதது அந்த ஆரஞ்சும் உள்ளே இருக்கும் குண்டு வெள்ளை எழுத்தும். எந்தப் பின்னணியோடும் ஒத்துப்போகாமல் துருத்திக்கொண்டு நிற்கும் நிறம் அது, குழந்தைகள் சேனலுக்கு அதுதான் வேண்டும். 2009இல் துணைச் சேனல்களோடு சேர்த்து ஒரே குடும்பமாக்குகிறோம் என்று எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வெறும் எழுத்தாக்கினார்கள். 2023இல் தெறித்த சாயம் திரும்பி வந்தது.

கார்ட்டூன் நெட்வொர்க் கதையும் இதேதான். 1992இல் கறுப்பும் வெள்ளையுமாக மாறி மாறி வரும் 14 கட்டம், இரண்டு வரிசை. இரண்டு சொல்லிலும் ஏழேழு எழுத்து இருந்தது அவர்களுடைய அதிர்ஷ்டம். 2004இல் அதை விட்டுவிட்டு இரண்டு கனசதுரத்துக்குப் போனார்கள். 2010இல் கட்டங்கள் திரும்பின.

இரவுஷிஃப்ட்

வணக்கம். நான் ஒளிபரப்பு மாஸ்டர் கன்ட்ரோலில் வேலை பார்ப்பவன். லோகோவை மூலையில் உட்காரவைப்பதே எங்கள் வேலை என்பதால் உள்ளே வருகிறேன். இங்கே அழகைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. லோகோ எங்கே தோற்கும் என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

பழைய குழாய்ப் பெட்டிகளில் படத்தின் ஓரம் கொஞ்சம் சட்டத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். அதனால் எழுத்து, லோகோ எல்லாம் நடுவில் உள்ள 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு வரையறை இருந்தது. அதுதான் சேஃப் ஏரியா. அகலத்திரை வந்த பிறகும் பல வருடம் பல சேனல்களில் லோகோ மூலையை விட்டு உள்ளே தள்ளியே நின்றது. பழைய 4:3 பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் தெரிய வேண்டுமே.

அடுத்தது இன்டர்லேஸ். ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் அடுத்த தடவை என்று படம் வரும். உங்கள் லோகோவில் ஒரே ஒரு வரி தடிமனுக்கு மெல்லிய கிடைக்கோடு இருந்தால் அது பாதி நேரம் இருக்கும், பாதி நேரம் இருக்காது. பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் விநாடிக்கு 25 தடவை துடிக்கும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, கண் மட்டும் வலிக்கும். சாய்ந்த கோடுகளில் படிக்கட்டு விழும். அடர் சிவப்பு ஓரம் தாண்டி வழியும்.

பிபிசி லோகோவின் மூன்று கட்டங்களும் முன்பு சாய்ந்து நின்றவை, கீழே நிறக்கோடுகளோடு. 1997இல் மார்ட்டின் லாம்பி-நேர்ன் அவற்றை நிமிர்த்தி, கில் சான்ஸ் எழுத்தைப் போட்டு, கோடுகளை எடுத்துவிட்டார். பலருக்கு அது சப்பென்று இருந்தது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு நிம்மதி. சாய்வு போனதும் படிக்கட்டு போயிற்று. ஒரே நிறத்தில் அச்சடிக்க முடிந்ததால் அச்சுச் செலவும் குறைந்தது.

நுனிப்புல்

2021ல பிபிசி மறுபடி மாத்துச்சே, அதைப் பத்தி என்ன நினைக்கிறீங்க? எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கி, கட்டத்துக்கு நடுவுல இடைவெளியைக் கூட்டினதுதானே?

இரவுஷிஃப்ட்

எழுத்துரு அவர்களுடைய சொந்த ரீத்துக்கு மாறியது. மற்றபடி நீங்கள் சொன்னதுதான். எனக்கு அதில் குறை இல்லை. கட்டங்கள் தள்ளி நின்றால் சிறிய அளவிலும் ஒன்றோடொன்று ஒட்டாது. கேலி செய்தவர்கள் "என்ன மாற்றம் என்றே தெரியவில்லை" என்றார்கள். தெரியாமல் மாற்றுவதுதானே கஷ்டம்.

கறுப்புவெள்ளை

யாரும் தூர்தர்ஷனைச் சொல்லவில்லை என்பதில் எனக்கு வருத்தம்.

அதை வரைந்தவர் தேவாஷிஸ் பட்டாச்சார்யா, அப்போது தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மாணவர். ஒரு வட்டம், அதைச் சுற்றி இரண்டு வளைவு. பல மாதிரிகளிலிருந்து இதைத் தேர்ந்தெடுத்தவர் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி. 1976இல் திரைக்கு வந்தது. பார்ப்பவர் பலரும் கண் என்று நினைத்தார்கள். அப்படியே கண்ணாகிவிட்டது.

நிலையாக நிற்கும் படத்தைவிட அது சுழன்று வந்து அமரும் அசைவுதான் எல்லோருக்கும் ஞாபகம். அந்த ஷெனாய் இசை ரவிசங்கரும் அலி அகமது உசேன் கானும் சேர்ந்து செய்தது. கணினி இல்லாமல், வரைந்த பிரதிகளை கேமராவுக்குக் கீழே வைத்துத் திருப்பித் திருப்பிப் படமெடுத்து அந்த அசைவைச் செய்திருக்கிறார்கள். இப்போது பல லட்சம் கொடுத்துச் செய்யும் முப்பரிமாணச் சுழற்சிகளில் எத்தனை ஞாபகம் இருக்கிறது?

2024 ஏப்ரலில் டிடி நியூஸ் லோகோ காவி நிறத்துக்குப் போனதும் எழுந்த சர்ச்சை தெரிந்ததுதான். அதன் அரசியலை இங்கே இழுக்க வேண்டாம். இவ்வளவு பேர் கவனித்துக் கோபப்பட்டார்கள் என்றால், அந்த வளைவுகள் மனதில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கின்றன என்று மட்டும் பார்க்கலாம்.

மூலைவிட்டம்

கண் என்றதும் இன்னொன்று. மெக்சிகோவின் தெலெவிசா லோகோவும் கண்தான், திரையின் கோடுகளுக்கு நடுவே இருந்து பார்க்கும் கண். வரைந்தவர் பேத்ரோ ராமிரெஸ் வாஸ்கெஸ் என்ற கட்டடக் கலைஞர். பிரேசிலின் குளோபோவுக்கு ஹான்ஸ் டானர் செய்தது உருண்டை, உருண்டைக்குள் திரை, திரைக்குள் இன்னோர் உருண்டை. அதையும் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் கண் மாதிரியே தெரியும். தொலைக்காட்சிக்குச் சின்னம் வரை என்றால் கை தானாகக் கண்ணுக்கோ உருண்டைக்கோ போய்விடுகிறது போல.

ரிமோட்_ராசா

உருண்டைன்னு சொன்னதும் எனக்கு அலர்ஜி. 2000க்கு அப்புறம் வந்த செய்திச் சேனல்கள்ல பாதிக்கு மேல உலக உருண்டை, சிவப்புப் பட்டை, உலோகப் பளபளப்பு, ஓரத்துல ஒரு ஒளிக்கீற்று. மூலையில சின்னதாக்கினா எல்லாம் ஒரே சிவப்புக் கட்டி. சேனல் பேரை எடுத்துட்டு வெச்சா எது எதுன்னு அந்த எடிட்டருக்கே தெரியாது.

அச்செழுத்து

அந்த இடத்தில்தான் சிஎன்என்னைப் பாராட்ட வேண்டும். 1980இல் சேனல் தொடங்கியபோது வந்த அதே சிவப்பு எழுத்து. மூன்று எழுத்தும் ஒரே கம்பியாக ஓடும், நடுவே ஒரு வெள்ளைக் கோடு. கேபிள் சேனல் என்பதைக் கேபிளாலேயே எழுதியிருக்கிறார்கள். அவசர அவசரமாக, குறைந்த செலவில் செய்யப்பட்டது. நாற்பது வருடத்துக்கு மேலாக நிற்கிறது.

நுனிப்புல்

செலவுன்னதும் என்பிசி கதை யாருக்கும் ஞாபகம் வரலையா? தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்.

என்பிசியோட மயில் 1956ல வந்தது. அப்ப அதோட தாய் நிறுவனம் ஆர்சிஏ கலர் டிவி பெட்டி வித்துட்டிருந்தது. பதினோரு இறகு, பல நிறம். கறுப்புவெள்ளைப் பெட்டி வெச்சிருக்கறவர் அந்த மயிலைப் பார்க்கறப்பல்லாம் "நமக்கு ஏதோ தெரியாமப் போகுதே"ன்னு ஏங்கணும். லோகோவை வெச்சே பெட்டி வித்த ஆளுங்க!

அப்புறம் மயில் பழசாயிடுச்சுன்னு 1976 புத்தாண்டு அன்னிக்குப் புதுசு விட்டாங்க. சிவப்பும் நீலமுமா ரெண்டு சரிவகம் சேர்ந்து ஒரு 'என்' (N) எழுத்து. பத்து லட்சம் டாலர் வரைக்கும் செலவாச்சுன்னு பத்திரிகையெல்லாம் எழுதிச்சு. வந்ததும் நெப்ராஸ்கா மாநிலக் கல்வித் தொலைக்காட்சிக்காரங்க, "அய்யா, இது எங்களுது"ன்னு வந்து நின்னாங்க. அச்சு அசல் அதே 'என்' எழுத்து. அவங்களுக்கு ஆன செலவு நூறு டாலருக்கும் கீழே! வழக்கு போட்டு, கடைசியில சமரசம். எட்டு லட்சம் டாலருக்கு மேல மதிப்புள்ள ஒளிபரப்புக் கருவியும், புது லோகோ செஞ்சுக்க 55,000 டாலரும் என்பிசி கொடுத்தது.

என் ஓட்டு ஆக மோசத்துக்கு இதுதான்.

அச்செழுத்து

கதை மோசம், லோகோ மோசமில்லை. அந்த 'என்' எழுத்தை ஒரு தடவை ஓடுகிற படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். இரண்டே வடிவம், நேர்க்கோடுகள், எந்தச் சாய்வும் தெளிவாகத் தெரியும். அதனால்தானே ஒன்றையொன்று பார்க்காத இரண்டு இடத்தில் ஒரே வடிவம் பிறந்தது. மூலைவிட்டத்தின் நிபந்தனைப்படி பார்த்தால் அது நன்றாகவே தேறும்.

மோசம் என்றால் அதற்கு அடுத்து வந்தது. 1979இல் 'என்' எழுத்தையும் விட மனமில்லை, மயிலையும் விட மனமில்லை, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பினார்கள். கூட்டத்தில் யாருக்கும் மறுப்புச் சொல்லத் துணிவில்லாதபோது இப்படித்தான் லோகோ பிறக்கும். 1986இல் ஷெர்மாயெஃப் அண்ட் கைஸ்மார் நிறுவனத்தார் வந்து இறகை ஆறாகக் குறைத்து, தலையை மறுபக்கம் திருப்பி, உடம்பை வெறும் வெள்ளை இடைவெளியாக விட்டார்கள். மயிலின் உடம்பை யாரும் வரையவில்லை, ஆனாலும் நமக்குத் தெரிகிறது. எனக்குத் தெரிந்து தொலைக்காட்சி லோகோவில் நடந்த ஆகச் சிறந்த திருத்தம் அதுதான்.

கறுப்புவெள்ளை

இதைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு சந்தேகம். நாம் "நல்ல லோகோ" என்று சொல்வதெல்லாம் நீண்ட நாள் இருந்த லோகோக்கள்தானே? தினமும் பார்த்தால் எதுவும் பிடித்துப்போகும். சிபிஎஸ் கண்ணையே ஒரு வருடம் ஆனதும் மாற்றிவிடலாம் என்று நினைத்தார் கோல்டன். சேனலின் தலைவர் ஃபிராங்க் ஸ்டான்டன் தடுத்துவிட்டார். உனக்குச் சலித்துப்போகும் நேரத்தில்தான் பார்ப்பவர்கள் கவனிக்கவே ஆரம்பிக்கிறார்கள் என்பது அவர் வாதம். ஸ்டான்டன் அன்றைக்கு விட்டிருந்தால் மூலைவிட்டம் இன்று வேறு எதையோ முதலிடத்தில் வைத்திருப்பார்.

மூலைவிட்டம்

பாதி ஒப்புக்கொள்கிறேன். நாள்பட்டதால் மட்டும் பிடித்துப்போகும் என்றால் நீண்ட நாள் இருந்த எல்லாம் நினைவில் நிற்க வேண்டும். எத்தனையோ சேனல் பத்து, பதினைந்து வருடம் ஒரே லோகோவோடு இருந்திருக்கின்றன. கண்ணை மூடி வரையச் சொன்னால் கை ஓடாது. வரைய முடிகிறதா என்பதே என் அளவுகோல். சிபிஎஸ் கண்ணைச் சின்னப் பிள்ளையும் வரைந்துவிடும்.

ஏபிசி ஆஸ்திரேலியாவும் அப்படித்தான். 1960களில் ஊழியர்களுக்குள்ளேயே போட்டி வைத்தார்கள். பில் கென்னார்ட் என்பவர் கொடுத்தது லிஸாஜூ வளைகோடு, மின் அலைகளைக் காட்டும் கருவியான ஆசிலாஸ்கோப்பின் திரையில் அலைகள் சந்திக்கும்போது தோன்றுமே, அது. கிடைத்த பரிசு 25 பவுண்டு. பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் போட்டுவிடலாம்.

நுனிப்புல்

எங்க வாசல் கோலத்துல வர்ற சிக்கு மாதிரி இருக்கும் அது. எங்க கோலம் லோகோவைவிட நல்லா வளைஞ்சிருக்கு.

இரவுஷிஃப்ட்

கறுப்புவெள்ளையின் கேள்விக்கு ஆஸ்திரேலியாவிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. நைன் சேனலின் லோகோவில் எண்ணோடு ஒன்பது புள்ளிகள் வரும். 2006இல் புள்ளிகளைத் தூக்கினார்கள். சில வருடத்துக்குள் திரும்பக் கொண்டுவந்தார்கள். வெறும் ஒன்பது யாருடைய ஒன்பதாகவும் இருக்கலாம், புள்ளி போட்ட ஒன்பது அவர்களுடையது மட்டும்தான்.

பிரிட்டனின் சேனல் 4 பற்றியும் சொல்ல வேண்டும். 1982இல் தொடங்கியது. அதையும் லாம்பி-நேர்ன்தான் செய்தார். வண்ணக் கட்டைகள் பறந்து வந்து சேர்ந்து நான்கு ஆகும். அந்தச் சேனல் அப்போது தன் நிகழ்ச்சிகளைத் தானே தயாரிக்கவில்லை, வெளித் தயாரிப்பாளர்களிடமிருந்து வாங்கிச் சேர்த்தது. சேனல் இயங்கும் முறையையே லோகோ செய்துகாட்டியது. அதை அசைக்கும் கணினி வசதி அப்போது பிரிட்டனில் இல்லாததால் அமெரிக்காவுக்குப் போய்ச் செய்தார்கள். 1996இல் கட்டைகளை விட்டு வட்டங்களுக்குப் போனார்கள், 2004 முடிவில் கட்டைகளுக்கே திரும்பினார்கள். 2015இல் கட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்துப்போட்டார்கள். அப்போதும் அது சேனல் 4 என்று தெரிந்தது. முழு உருவம் இல்லாமலேயே அடையாளம் தெரியும் அளவுக்குப் போன லோகோ வேறு இருந்தால் சொல்லுங்கள்.

ரிமோட்_ராசா

அனிமல் பிளானெட்டை விட்டுட்டீங்களே! முதல்ல யானை இருந்தது. 2008ல யானையைத் துரத்திட்டு வெறும் எழுத்து, அதுலயும் 'எம்'மை மட்டும் பக்கவாட்டுல படுக்கப் போட்டாங்க. ஏன் படுத்திருக்குன்னு இன்னிக்கு வரைக்கும் விளங்கல. 2018ல மறுபடி யானை வந்துச்சு, நீலத்துல, துள்ளிக்கிட்டு. விலங்குச் சேனல்ல விலங்கு வேணாம்னு முடிவெடுக்கறதுக்குத் தனித் துணிச்சல் வேணும்.

அச்செழுத்து

எழுத்தால் மட்டும் ஆன லோகோ தோற்க வேண்டும் என்று விதி இல்லை. பால் ராண்ட் 1962இல் அமெரிக்க ஏபிசிக்குச் செய்தது மூன்று சிறிய எழுத்து, ஒரு வட்டம். மூன்று எழுத்தும் வட்டங்களிலிருந்தே பிறந்தவை என்பதால் ஒன்றோடொன்று ஒட்டி உட்காருகின்றன.

இதற்கு நேர் எதிரில் அல் ஜசீரா. அரபு எழுத்தணியில் சேனலின் பெயரையே துளி வடிவத்தில், சுடர் மாதிரி வளைத்து எழுதியிருக்கிறார்கள். அரபு தெரியாத கோடிக்கணக்கானவர்களால் அதைப் படிக்க முடியாது. ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் இன்ன சேனல் என்று சொல்லிவிடுவார்கள். தமிழ் எழுத்தில் லோகோ போடுவதற்குத் தயங்குகிறவர்கள் இதை யோசிக்கலாம். நம் சுழியும் கொம்பும் மூலையில் சிறிதானால் அடைத்துக்கொள்ளும், மெய்யின் புள்ளி காணாமல் போகும் என்பது உண்மைதான். அச்சு எழுத்தை அப்படியே சுருக்கினால் அதுதான் நடக்கும். மூலைக்கென்றே திறப்புகளை அகலமாக விட்டு, புள்ளியைத் தடிமனாக்கி வரைந்தால் நடக்காது.

மூலைவிட்டம்

இரவுஷிஃப்ட், உங்களிடம் ஒன்று. இப்போது பல சேனல்கள் லோகோவை நிறமில்லாமல், வெள்ளையாக, பாதி தெரிகிற மாதிரிப் போடுவது ஏன்? வரைந்தவர் பாவம் நிறம் தேடித் தேடி வைத்திருப்பார்.

இரவுஷிஃப்ட்

இரண்டு காரணம். ஒன்று, பிளாஸ்மா, ஓஎல்இடி திரைகளில் ஒரே இடத்தில் ஒரே படம் நாள்முழுக்க நின்றால் அதன் தடம் திரையில் பதிந்துபோகும். அடர் நிறமும் பிரகாசமும் கூடக் கூட ஆபத்து அதிகம். சில திரைகளில் லோகோ இருக்கும் இடத்தை மட்டும் தானாகவே மங்கலாக்கும் ஏற்பாடே உண்டு. இரண்டு, பார்ப்பவர்களுக்கு நிற லோகோ எரிச்சல், குறிப்பாக நாடகத்தின் இருட்டுக் காட்சிகளில்.

ஆனால் வெள்ளையில் வேறு தொல்லை. பனிமலைக் காட்சி வந்தால் லோகோ கரைந்துவிடும். அதற்காகச் சுற்றிலும் மெல்லிய கருநிழல் கொடுப்போம். குறைந்த பிட்ரேட்டில், அதாவது விநாடிக்குக் குறைந்த தரவில், அனுப்பும்போது அந்த நிழலைச் சுற்றிக் கொசு மொய்ப்பதுபோல் படம் கலங்கும். உள்ளே சின்னத் திறப்புகள் அதிகமுள்ள லோகோ என்றால் இன்னும் மோசம்.

நிறத்தை விடாமலே இதைச் சமாளித்தவர்கள் பிரிட்டனின் ஐடிவிக்காரர்கள். 2013இல் ரட் ஸ்டுடியோ செய்தது, கையெழுத்து போல வளையும் சிறிய எழுத்துகள். வந்த அன்று பலரும் சிரித்தார்கள். அந்த லோகோ தன் நிறங்களைப் பின்னால் இருக்கும் படத்திலிருந்தே எடுத்துக்கொண்டது. கடற்கரை என்றால் மணலும் நீலமும், மாலை என்றால் வேறு. ஆறு மாதம் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது.

கறுப்புவெள்ளை

ஆறு மாதம் போனதும் சிரிப்பு நின்றதா? நான் சொன்னதும் அதைத்தானே :)

நுனிப்புல்

எச்பிஓவை ஒருத்தர்கூடச் சொல்லல?

அச்செழுத்து

சொல்ல வேண்டியதுதான். 1975இலிருந்து இருப்பது. கடைசி ஓவின் வயிற்றுக்குள் ஒரு வட்டம், குறிபார்க்கும் இலக்கு மாதிரியும் கேமரா வில்லை மாதிரியும். அந்த வட்டம் ஒன்றே முழு லோகோவையும் தாங்குகிறது. 2023இல் இணையச் சேவையின் பெயரிலிருந்து எச்பிஓவை எடுத்துவிட்டு மேக்ஸ் என்று மட்டும் வைத்தபோதுகூட, புதிய எழுத்தின் 'ஏ'வுக்குள் அந்த வட்டத்தை ஒளித்துவைத்தார்கள். பெயரைத் தூக்கிப்போடத் துணிந்தவர்களுக்கு வட்டத்தைப் போட மனம் வரவில்லை. 2025 ஜூலையில் பெயரும் திரும்பி வந்துவிட்டது.

ரிமோட்_ராசா

அப்ப எம்டிவிக்கு எத்தனை ஓட்டு? யாராவது எண்ணுங்கப்பா.